ஆற்றைக் கொடுத்தது யார்? பாலத்தைக் கட்டியது யார்?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘மனித வாழ்வைத் தீர்மானிப்பது விதியே! – முயற்சியும் சூழலுமே!’ திருநெல்வேலியில் நடந்த பட்டிமன்றத்தில், ‘முயற்சியும் சூழலுமே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! "இந்த அணியிலே எங்களைப் பேசப் போட்டதே விதிதான்" என்று சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! என்னை வளர்த்த தாமிரவருணிக் கரையின் அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, ஆச்சிமார்களே!

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே பொதிகை மலைக்குப் போய்விட்டார். "அகத்தியர் எல்லாத்தையும் ஓலையிலே எழுதி வச்சுட்டார். கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தாப் போதும், உன் ஓலை வந்துரும்" என்றார். ரொம்ப நல்லது. ஆனா அவர்கிட்ட எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இன்னைக்கு இந்தக் கூட்டத்துக்கு வர்றதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தியே டிக்கெட் ரிசர்வேஷன் பண்ணினீங்களே, ஏன்? விதி இருந்தா பெர்த் கிடைக்கும்னு பேசாம வந்து நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறியிருக்க வேண்டியதுதானே? (சிரிப்பு) டிக்கெட் எடுக்கும்போது முயற்சி. மைக்கைப் பிடிச்சா மட்டும் விதி! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, விதியே கிடையாது என்று வாதாட நான் வரவில்லை. எந்த வீட்டிலே பிறக்கணும்னு நாம் யாரும் மனுப் போட்டுப் பிறக்கவில்லை. மழையை நாம் பெய்ய வைப்பதில்லை. சாவையும் நிறுத்த முடியாது. இதெல்லாம் நமக்குக் கொடுக்கப்பட்டது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்ம ஜனங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. கொடுக்கப்பட்டதையும் விதி என்கிறோம். மனுஷன் செய்ததையும் விதி என்கிறோம். மனுஷன் செய்யாமல் விட்டதையும் விதி என்கிறோம். மூன்றையும் ஒரே மூட்டையிலே கட்டித் தலையெழுத்து என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம். இன்னைக்கு அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம். வேறே எங்கேயும் போக வேண்டாம். இந்த ஆற்றங்கரையிலேயே அவிழ்ப்போம்.

முதலில் ஆறு. பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலிலே கடலைச் சேர்கிறது தாமிரவருணி. தென்மேற்குப் பருவமழையும் தண்ணீர் கொடுக்குது, வடகிழக்குப் பருவமழையும் கொடுக்குது. இது யார் கொடுத்தது? இயற்கை கொடுத்தது. எதிரணி விதி என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் ஆறு தானாக வயலுக்குள்ளே வந்து, "அண்ணாச்சி, நாத்து நட்டாச்சா?" என்று கேட்குமா? (சிரிப்பு) கேட்காது. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் போகும், கடலைப் பார்த்துப் போகும். அதை மறித்துத் திருப்பினவன் மனுஷன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். மொத்தம் எட்டு அணைக்கட்டு. ஏழு அணைக்கட்டு பழையது. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அந்த எட்டுக் கல்லணையும் அதிலிருந்து பிரிகிற கால்வாயும் இருப்பதால்தான் இந்த மண்ணிலே காரும் பிசானமும் விளைகிறது. ஆறு கொடுக்கப்பட்டது, அணை செய்யப்பட்டது. நாம சோறு தின்னது ரெண்டும் சேர்ந்ததால.

"எல்லாம் சரி, கடைசியிலே எல்லாரும் தாழிக்குள்ளே போறவங்கதானே?" என்று எதிரணியிலே ஒரு தம்பி கேட்டார். ஆதிச்சநல்லூரை மனசிலே வச்சுக் கேட்டிருக்கார். சரிதான். அங்கே நூறு ஏக்கருக்கு மேலே பரந்து கிடக்கிறது அந்த இடுகாடு. அதற்குப் பக்கத்திலேதான் சிவகளை. அங்கே ஒரு முதுமக்கள் தாழிக்குள்ளே நெல் உமி கிடைத்தது. சோதித்துப் பார்த்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. கிட்டத்தட்ட 3,200 வருஷம்! தம்பி, தாழிக்குள்ளே போனது விதி. ஆனால் தாழிக்குள்ளே இருந்த நெல்? அது யாரோ ஒருவன் உழுது, யாரோ ஒருத்தி நாற்றுப் பிடுங்கி விளைந்த நெல். போனவனுடைய பேர் நமக்குத் தெரியாது. அவன் விளைவித்தது மட்டும் தெரியும்! (பலத்த கைதட்டல்)

அடுத்தது பாலம். இந்த அரங்கத்துக்கு வந்தவர்களிலே பாதிப் பேர் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அந்தப் பாலம் இல்லாத காலத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு. கடக்கணும்னா படகு. படகுத்துறையிலே தள்ளுமுள்ளு, அடிதடி. வெள்ளம் வந்தால் அந்தப் படகும் கிடையாது. இக்கரையிலே பிரசவ வேதனையில் துடிக்கிற பெண், அக்கரையிலே மருத்துவச்சி. அந்தப் பெண் போய்ச் சேர்ந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? "அவ விதி முடிஞ்சுது. என்னத்தச் சொல்லுதது?" என்று சொல்லியிருக்கும்.

1840-ல் கலெக்டராக இருந்த தாம்சன், பாலம் கட்டுவதென்று ஆலோசனை செய்கிறார். கேப்டன் ஹார்ஸ்லி வரைபடம் போடுகிறார். செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய். அந்தக் காலத்து ஐம்பதாயிரம்! ஜனங்ககிட்ட வசூல் பண்ணலாமா என்று யோசிக்கிறார்கள். அப்போது அதே கலெக்டர் ஆபீசிலே சிரஸ்தேதாராக வேலை பார்த்த சுலோச்சன முதலியார், "இந்தச் செலவை நான் ஏத்துக்கிறேன்" என்கிறார். அவர் சம்சாரம் தன் நகையை எல்லாம் கழற்றிக் கொடுத்தார் என்று இந்த ஊரிலே இன்றைக்கும் கதை சொல்லுவார்கள். பதினோரு ஆர்ச்சுகளோடு, 1843 நவம்பரிலே பாலம் திறந்தாச்சு.

நடுவர் அவர்களே, 1843-க்கு முந்தி ஆற்றைக் கடக்க முடியாமல் செத்தவனுக்கு விதி முடிந்தது என்றோம். அதே ஆறு, அதே வெள்ளம், அதே ஜனம். 1843-க்குப் பிறகு அந்தச் சாவு எங்கே போச்சு? எமதர்மன் ட்ரான்ஸ்ஃபர் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரா? (சிரிப்பு) பதினோரு ஆர்ச்சு நின்றது, விதி நகர்ந்தது. அப்படியென்றால் அதற்கு முந்தி நாம் விதி என்று சொன்னதற்கு உண்மையான பேர் என்ன? பாலம் இல்லை என்பதுதான் அதன் பேர்! (கைதட்டல்)

பாலத்தைத் தாண்டினால் பாளையங்கோட்டை. 1890-ல் ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் அங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அதே பத்தாண்டுக்குள்ளே ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அதற்கு முந்தி, கண் தெரியாமல் ஒரு பிள்ளை பிறந்தால் என்ன சொன்னோம்? முற்பிறவி வினை என்றோம். கோயில் வாசலிலே உட்கார வைத்தோம். ஒரு வாதத்துக்கு ஒத்துக்கொள்கிறேன், கண் தெரியாதது விதி. எழுத்துத் தெரியாததும் விதியா? விரலால் தடவிப் படிக்கிற எழுத்தைக் கையிலே கொடுத்ததும் அந்தப் பிள்ளை படிச்சுட்டானே! கண் போனதுக்குத்தான் விதி பொறுப்பு. படிப்புப் போனதுக்கு நாம பொறுப்பு.

இப்போது எதிரணி வீசிய பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். எதிரணியிலே பேசிய அம்மையார் கண்கலங்கக் கேட்டார்கள்: "வ.உ.சி. முயற்சி செய்யாதவரா? கப்பல் ஓட்டியவர் கடைசியிலே அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றாரே. இது விதி இல்லாமல் வேறென்ன?" நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா தட்டிக்கிட்டே யோசிச்சேன். அந்த மகானுடைய கணக்கை விதி என்ற ஒரு வார்த்தையிலே எழுதி மூடிவிடலாமா? ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி வரிவரியாகப் பார்ப்போம்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் ஓடுகிறது. எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. கடைசியிலே, ‘சும்மா ஏறுங்க, குடையும் தர்றோம்’ என்கிற அளவுக்கு இறங்கினார்கள் என்று சொல்வார்கள். இது விதியா? வியாபாரப் போட்டி. பணம் உள்ளவன் எடுத்த முடிவு.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். விடிகாலையிலிருந்து பொழுது அடையும்வரை வேலை, சொற்பக் கூலி. அவனும் அதைத் தலையெழுத்து என்றுதான் நினைத்திருந்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவன் பக்கத்திலே போய் நின்றார்கள். சில நாளிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. பிரம்மன் எழுதின எழுத்தைப் பத்து நாளுக்குள்ளே ஒரு வக்கீல் திருத்திவிட்டார்! (கைதட்டல்)

மார்ச் 12, இதே திருநெல்வேலியிலே அவரைக் கைது செய்கிறார்கள். மறுநாள் ஊரே கொந்தளிக்கிறது. கடைகள் அடைப்பு. நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தீப்பற்றி எரிந்தன. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் போயின. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொல்கிறார். அரசுக்கு விரோதமாகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. 20-ம் 20-ம் நாற்பது வருஷம்! இதை எழுதியது யார்? பிரம்மாவா? பின்ஹே! அந்த எழுத்துக்கு அப்பீல் இருந்தது. ஹைகோர்ட் தண்டனையைக் குறைத்தது. 1912 டிசம்பர் 24-ல் வெளியே வந்துவிட்டார். தலையெழுத்துக்கு அப்பீல் உண்டா நடுவர் அவர்களே? அப்பீல் பண்ணினால் குறைகிற எழுத்துக்குத் தலையெழுத்து என்று ஏன் பேர் வைக்கிறீர்கள்?

அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி கலைந்தது. அதைக் காப்பாற்றாமல் விட்டவர்கள் பங்குதாரர்கள். வக்கீல் சன்னத்தைப் பறித்தவர்கள் ஆட்சியாளர்கள். அதைத் திரும்ப வாங்கிக் கொடுத்ததும் ஓர் ஆங்கிலேய நீதிபதிதான். வாலஸ் என்று பேர். நன்றி மறக்காத வ.உ.சி. தன் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். பறித்ததும் மனுஷன், கொடுத்ததும் மனுஷன். இதிலே விதி எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது?

அந்த வறுமைக் காலத்திலே இன்னொன்று நடந்தது. தென்னாப்பிரிக்காவிலே இருந்த தமிழர்கள் வ.உ.சி.க்காகப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று 1915-ல் ரெண்டு பேருக்கும் நடுவே கடிதமாகப் போய்வருகிறது. 1916-ல்தான் கைக்கு வந்து சேர்ந்தது. எவ்வளவு? 347 ரூபாய் 12 அணா. மாதக்கணக்காகக் காத்திருந்த ஒரு குடும்பத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்! அந்தக் குடும்பம் காத்திருந்தது கிரகம் மாறுவதற்காக அல்ல. ஒரு மணியார்டருக்காக. (நீண்ட கைதட்டல்)

அம்மா, நீங்க கண்கலங்கிச் சொன்னீங்க, அந்தக் கண்ணீருக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் வ.உ.சி.யின் வறுமையை விதி என்று சொன்னால் யாருக்கு லாபம்? பின்ஹேக்கு லாபம். போட்டிக் கம்பெனிக்கு லாபம். அதைவிடப் பெரிய லாபம் நமக்கு! 1908-ல் அவருக்காகக் கொந்தளித்தவர்கள் 1912-க்குப் பிறகு அவர் வீட்டிலே அடுப்பு எரியுதா என்று எட்டிப் பார்த்தோமா? பார்க்கவில்லை. பார்க்காததற்கு ஒரு பேர் வேணும். விதி என்று வைத்துக்கொண்டோம். விதி என்பது பல நேரம் நாம் போர்த்திக்கொள்கிற போர்வை. அடுத்தவன் செய்த அநியாயமும் அதற்குள்ளே மறையும். நாம் செய்யத் தவறிய நியாயமும் அதற்குள்ளே மறையும்.

சரி, அவருக்கே விதியிலே நம்பிக்கை இருந்ததோ என்றால், அந்த மனுஷன் செக்கிழுத்த சிறைவாசத்திலே என்ன செய்தார் தெரியுமா? ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியருடைய நூலைத் தமிழாக்கினார். அதற்கு வைத்த பேர் ‘மனம்போல வாழ்வு’. வாழ்வை ஆக்குவது மனம் என்று சொல்கிற புத்தகம். காலிலே விலங்கு; கையிலே அந்தப் புத்தகம்! ஆனால் ஒன்று கவனிக்கணும். மனசை மட்டும் மாத்தினாப் போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. சிறைக்குப் போவதற்கு முந்தியே மில் தொழிலாளிக்காகத் தெருவிலே இறங்கிச் சூழலையும் மாற்றப் போராடினவர் அவர். மனசும் மாறணும், கூலியும் மாறணும். அதனால்தான் எங்கள் அணிக்கு முயற்சியும் சூழலும் என்று ரெண்டையும் சேர்த்துப் பேர்.

1917-ல், கஷ்ட ஜீவனத்துக்கு நடுவே, மணக்குடவர் உரையோடு திருக்குறள் அறத்துப்பாலை அச்சிலே கொண்டுவந்தார். அறத்துப்பாலின் கடைசியிலே நிற்பது எந்த அதிகாரம்? ஊழ்! கப்பல் போய், தொழில் போய், பணம் போன ஒரு மனுஷன், ஊழைப் பற்றிய அந்தப் பக்கத்தையும் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். நான் குறளைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்களே முடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வள்ளுவர் ஊழுக்கு அப்பாலும் எழுதிக்கொண்டே போனார். ஊழ் 38-வது அதிகாரம். விடாமுயற்சியைச் சொல்கிற ஆள்வினையுடைமை 62-வது அதிகாரம். எதிரணிக்காரர்கள் 38-லேயே புத்தகத்தை மூடிவிட்டார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

பழங்கதை போதும். நாம் கண்ணால் கண்டது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்திலே ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மழை கொடுக்கப்பட்டது, சந்தேகமே இல்லை. அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஏறத்தாழ 800 பேரோடு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலே நிற்கிறது. முன்னாலே தண்டவாளத்துக்கு அடியிலே மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போயாச்சு. ரயிலை அனுப்பாதே என்று மனுஷர்கள் எடுத்த முடிவிலே 800 உயிர் நின்றது. சுற்றிலும் வெள்ளம். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்த ஜனங்கள், அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். "அவங்க விதி, பட்டினி கிடக்காவ" என்று அவர்கள் சொல்லவில்லை. "ஏ பிள்ள, ஒலைய வையி" என்றார்கள்! (பலத்த கைதட்டல்)

முடிக்கிறேன் நடுவர் அவர்களே. மணி அடிக்க வேண்டாம். (சிரிப்பு) கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. நான் டாக்டர் பட்டம் வாங்கியவன். முயற்சி அணியிலே பேசுகிறேன். "நானும் முயற்சியால் வந்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை.

எங்கள் ஊரும் ஆற்றங்கரைதான். ஹைஸ்கூல் அக்கரையிலே. பாலம் கிடையாது. எனக்கு ஓர் அக்கா. என்னைவிட நன்றாகப் படிப்பாள். எனக்கு வீட்டுக்கணக்குப் போட்டுக் கொடுத்ததே அவள்தான். எட்டாவது முடித்ததும் எங்கப்பா சொன்னார், "வயசுப் பிள்ளை, ஆத்துல எறங்கிப் போவ வேண்டாம்." ஆச்சி சொன்னாள், "அவளுக்கு விதிச்சது அம்புட்டுதான்." மறுவருஷம் நான் போனேன். டவுசரைச் சுருட்டிக்கொண்டு, புத்தகத்தைத் தலையிலே வைத்துக்கொண்டு, முட்டளவு தண்ணியிலே இறங்கிப் போனேன். அவள் கரையிலே நின்று, நான் ஏறிவிட்டேனா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

அவள் படிக்காதது விதி என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. விதி இல்லை என்றால் அது எங்கப்பா எடுத்த முடிவு. அதன் லாபத்தை அனுபவித்தவன் நான் என்று ஆகிவிடுமே! என் முயற்சி பொய் இல்லை. ஆனால் ரெண்டு பேருக்கும் ஒரே ஆறு. எனக்கு மட்டும் இறங்க அனுமதி இருந்தது.

பிற்பாடு எங்கள் ஊருக்கும் பாலம் வந்தது. 2006-ல் என் அக்கா மகள் பதினோராவது படிக்கும்போது, அரசாங்கம் கொடுத்த சைக்கிளிலே அந்தப் பாலத்தின் மேலே போனாள். அக்கா பழைய படித்துறையிலே நின்று பார்த்தாள். நானும் அன்றைக்கு ஊரிலே இருந்தேன். அவள் விதியைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. "ஏல தம்பி, ரெண்டு நிமிசம்கூட ஆவலையே!" என்றாள். அவ்வளவுதான்.

ரெண்டு நிமிஷம் நடுவர் அவர்களே! ஒரு பெண்ணின் விதி என்று நாங்கள் எழுதி வைத்தது ரெண்டு நிமிஷத் தூரம்.

ஆற்றைக் கொடுத்தது விதி என்று வேண்டுமானால் எதிரணிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பாலத்தைக் கட்டுவதும் கட்டாமல் விடுவதும் நாம். ஆகவே, மனித வாழ்வைத் தீர்மானிப்பது முயற்சியும் சூழலுமே என்று நல்ல தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும். தீர்ப்பு எப்படி வந்தாலும், வீட்டுக்குப் போகிற வழியிலே அந்தப் பதினோரு ஆர்ச்சுப் பாலத்தை ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

(நீண்ட கைதட்டல்)